தாடை வலிக்குப் பல்லைத் திருத்த வேண்டுமா? என் மேசையில் கிடந்த இரண்டு விலைச்சீட்டுகள்

போன தீபாவளிக்கு மறுநாள் பெரியம்மா சுட்ட முறுக்கைக் கடித்தபோது வலது காதுக்கு முன்னால் 'டொக்' என்றது. சத்தம் எனக்குப் புதிதில்லை. இருபது வயதிலிருந்தே கொட்டாவி விட்டால் கேட்கும். வலிதான் புதிது. ஒரு வாரத்தில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து பரோட்டாவை நகத்தளவு பிய்த்து வாயில் போடும் நிலைக்கு வந்துவிட்டேன். பெரியம்மா கோடாலித் தைலத்தை நீட்டி, "வாயை மூடிக்கிட்டுக் கொஞ்ச நாள் சும்மா இருடா தம்பி, தானா சரியாயிடும்" என்றார். சிங்கப்பூரில் யார் சும்மா இருக்கிறார்கள்? அடுத்தடுத்து இரண்டு பல் மருத்துவர்களைப் பார்த்தேன்.

முதல் இடத்தில் தந்த சீட்டில் பிரேசஸ், அதாவது பல்லுக்குக் கம்பி, இரண்டு வருடம், 6,800 வெள்ளி. கீழ்ப்பற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, மேல்பல் கீழ்ப்பல்லைக் கொஞ்சம் அதிகமாக மூடுகிறது, கடிப்பு, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம், சரியில்லாததால் மூட்டில் பாரம் ஏறுகிறது என்று விளக்கம் சொன்னார்கள். இரண்டாம் இடத்தில் இரவில் பல்மேல் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் கவசமான ஸ்ப்ளிண்ட், 850 வெள்ளி. அலுவலக நண்பர் ஒருவர் மூன்றாவது வழியும் சொன்னார்: கன்னத்தில் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி. "வலியும் போகும், முகமும் ஒல்லியாகும்" என்று அவர் சிரித்ததில் பாதி விளையாட்டு, பாதி உண்மை.

ஒரே தாடைக்கு மூன்று வைத்தியம். மூன்றும் மூன்று காரணங்களை வைத்துப் பேசுகின்றன என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பிரேசஸ் சொன்னவர் பல்லைக் காரணம் என்கிறார், போட்டாக்ஸ் சொல்பவர் தசையை. ஸ்ப்ளிண்ட் தருபவரோ காரணம் எதுவானாலும் பல்லைக் காப்பாற்றுவோம் என்கிறார். ஆகவே விலையை ஒப்பிடுவதற்கு முன்னால், பல் கடிப்புக்கும் தாடை மூட்டுக்கும் உண்மையில் எவ்வளவு சம்பந்தம் என்று பார்க்க வேண்டியிருந்தது.

காதுக்கு முன்னால் ஒரு விரல்

இரண்டு சுண்டுவிரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஒரு குமிழ் உருள்வதும், வாய் இன்னும் திறக்கும்போது அது முன்னால் வழுக்கி வருவதும் விரலுக்குத் தெரியும். உடம்பில் இப்படி உருண்டு, பிறகு சறுக்கும் மூட்டுகள் அதிகமில்லை. அந்தக் குமிழுக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவில் குருத்தெலும்பு போன்ற பொருளால் ஆன மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. அது கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிட்டால், குமிழ் சறுக்கும்போது ஏறிக் குதித்துத் தட்டுக்குள் புகும். அதுதான் 'டொக்'. தட்டு முன்னாலேயே சிக்கிக்கொண்டு குமிழ் புக முடியாமல் போனால் சத்தம் நின்றுவிடும், வாயும் முழுதாகத் திறக்காது. நீண்ட நாள் சத்தம் திடீரென்று நின்றதும் நல்லதாகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவதுண்டு. கூடவே வாய் திறப்பதும் குறைந்திருந்தால் அது நல்ல செய்தியில்லை.

சத்தம் மட்டும் இருந்து, வலியும் இல்லை, வாயும் தாராளமாகத் திறக்கிறது என்றால் அதற்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. இதில் மருத்துவ உலகில் பெரிய சண்டை கிடையாது. தாடையில் சத்தம் கேட்பவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்கு அது கடைசிவரை சத்தமாகவே இருந்துவிட்டுப் போகும்.

வலி என்று வருகிறவர்களுக்கோ பாதி நேரம் பிரச்சினை மூட்டிலேயே இருப்பதில்லை. கன்னத் தசையும் நெற்றிப்பொட்டுத் தசையும் அழுத்தினால் வலிக்கும். எனக்கும் அப்படித்தான். இரண்டாம் மருத்துவர் கன்னத்தின் நடுவில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுதான் உங்கள் வலியா?" என்றார். அதேதான். மூட்டின் மேல் அழுத்தியபோது அதில் கால்வாசி கூட இல்லை.

கடிப்புதான் காரணம் என்ற எண்ணம் வந்த கதை

1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், காதுவலி, காது அடைப்பு, தலைச்சுற்றல் என்று வந்த சிலரைப் பற்றி எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்ததால் தாடை அளவுக்கு மீறி மூடி, மூட்டு பின்னால் தள்ளப்பட்டு, அங்குள்ள நரம்புகளை அழுத்துகிறது என்பது அவர் கணிப்பு. அந்த அழுத்தம் உடற்கூறியல்படி நடக்க வழியில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் எண்ணம் ஒட்டிக்கொண்டது. காது மருத்துவர் ஒருவர் தூக்கிப்போட்ட பந்தைப் பல் மருத்துவர்கள் ஐம்பது வருடம் விளையாடினார்கள். பல்லை ராவிச் சமன் செய்வது, எல்லாப் பல்லுக்கும் உறை போட்டுக் கடிப்பையே புதிதாகக் கட்டுவது, கம்பி போடுவது எல்லாம் தாடை வலிக்கு மருந்தாக நடந்தன.

1987இல் மிச்சிகனில் ஒரு வழக்கு இதைத் தலைகீழாகப் புரட்டியது. பல் சீரமைப்பு செய்ததால்தான் தாடை மூட்டு கெட்டது என்று ஒரு நோயாளி வழக்குப் போட்டு வென்றார். கம்பி போட்டால் சரியாகும் என்று சொன்னவர்கள், கம்பி போட்டதால் கெட்டது என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பயத்தில் அமெரிக்க பல் சீரமைப்பு மருத்துவர்கள் பணம் ஒதுக்கி ஆய்வுகள் செய்ய வைத்தார்கள். முடிவு இரு பக்கமும் வெட்டியது: கம்பி தாடை மூட்டு நோயை உண்டாக்குவதுமில்லை, தடுப்பதுமில்லை. ஆளைக் காப்பாற்றிய அதே முடிவு அவர்கள் கையிலிருந்த விளம்பரத்தையும் பிடுங்கிக்கொண்டது.

1993இல் புல்லிங்கர், செலிக்மன் என்ற பல் ஆய்வாளர்கள் பதினொரு விதமான கடிப்பு அம்சங்களை ஒன்றாக வைத்து அலசினார்கள். முன்பற்கள் மேலும் கீழும் தொடாமலே நிற்பது, மேல்பல் ஆறேழு மில்லிமீட்டருக்கு மேல் முன்னே துருத்துவது, ஐந்து அல்லது அதற்கு மேல் கடைவாய்ப் பற்கள் இல்லாதது என்று சில கடுமையான நிலைகளில் மட்டும் தொடர்பு தென்பட்டது. நோயாளிக்கும் நோயில்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தில் கடிப்பின் பங்கு பத்திலிருந்து இருபது சதவீதம் வரைதான் என்று கணக்கிட்டார்கள். 2017இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்தப் பங்கும் இன்னும் இளைத்துப் போனது.

அந்தச் சில கடுமையான நிலைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. கடிப்பு கெட்டதால் மூட்டு கெட்டதா, மூட்டு கெட்டதால் கடிப்பு கெட்டதா? மூட்டின் குமிழ் கீல்வாதத்திலோ வேறு காரணத்திலோ தேய்ந்து குட்டையானால், கீழ்த்தாடை பின்னால் சாய்ந்து முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி விழும். மூட்டில் நீர் கோத்தால் அந்தப் பக்கக் கடைவாய்ப்பல் தொடாமல் நிற்கும். நோயாளி வந்து, "டாக்டர், என் கடிப்பு மாறிப்போச்சு, அதனாலதான் வலிக்குது" என்பார். நடந்தது நேர்மாறு. அந்த நேரத்தில் பல்லை ராவினால், நீர் வற்றி மூட்டு பழைய இடத்துக்கு வந்த பிறகு ராவிய பல் எதற்கும் பொருந்தாது. வீடு சாய்ந்திருக்கும்போது கதவின் அடியைச் செதுக்கிய மாதிரிதான்.

முதல் மருத்துவமனையில் நீலநிறத் தாளை என் பற்களுக்கு நடுவில் வைத்துத் தட்டித் தட்டிக் கடிக்கச் சொன்னார்கள். வலது கடைவாயில் நீலப்பொட்டு அழுத்தமாக விழுந்தது. "பாருங்கள், இங்கேதான் முதலில் இடிக்கிறது." எனக்கும் அது சாட்சி போலத்தான் தெரிந்தது. இரண்டாம் இடத்தில் அதே சோதனையைப் படுத்தபடி ஒரு தடவை, நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு தடவை செய்தார்கள். பொட்டுகள் இடம் மாறின. படுத்தால் தாடை கொஞ்சம் பின்னால் சரியும், அவ்வளவுதான். நாற்காலியைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்து மாறும் ஒரு பொட்டை நம்பி 6,800 வெள்ளி கட்டுவதா என்று அங்கேயே யோசனை வந்துவிட்டது.

கடிப்புக்குச் சம்பந்தமே கிடையாது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. புதிதாக அடைத்த பல்லோ உறை போட்ட பல்லோ ஒரு மயிரிழை உயரமாக நின்றால், அடுத்த நாளே தாடை நோகலாம். அந்த ஒரு அடைப்பைத் தேய்த்துச் சமன் செய்வது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யத்தான் வேண்டும். பின்லாந்தில் 2002இல் வெளியான ஒரு சோதனையில் வேண்டுமென்றே சிலருக்குக் கடிப்பில் சின்ன இடைஞ்சலை ஒட்டிப் பார்த்தார்கள். முன்பு தாடை வலி வந்திராதவர்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள். முன்பு வந்தவர்கள்தான் சிரமப்பட்டார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது: செருப்பில் கிடக்கும் மணல் எல்லோரையும் உறுத்தும், புண்பட்ட காலைத்தான் நொண்ட வைக்கும்.

வேறு என்னதான் காரணம்? அமெரிக்காவில் தாடை வலி இல்லாத ஏறத்தாழ 2,700 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்றில் வருடத்துக்கு நூற்றில் நான்கு பேருக்குப் புதிதாக வலி தொடங்கியது. உடம்பில் ஏற்கெனவே வேறு வலிகள் இருந்தவர்கள், தூக்கம் கெட்டவர்கள், மன அழுத்தத்தில் இருந்தவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். இரவில் பல்லை நறநறப்பதுகூட மூளை ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மேலே வரும்போது நடப்பது. பல் கோணலாக இருப்பதால் வருவதில்லை. என் மனைவி காலையில், "ஏங்க, ராத்திரி முழுக்க எலி பலகையைக் கொறிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றாள். அந்த மாதம் வேலையில் கணக்கு முடிக்கும் மாதம்.

வழிகள், எனக்குத் தோன்றிய வரிசையில்

விலையையோ, எது சீக்கிரம் கேட்கும் என்பதையோ வைத்து நான் வரிசைப்படுத்தவில்லை. தப்பாகிப் போனால் பழைய இடத்துக்குத் திரும்பி வர முடியுமா என்ற ஒரு கேள்வியை வைத்தேன். பெரும்பாலோருக்குத் தானாகவே குறையக்கூடிய வலிக்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் வீட்டு வைத்தியம். கேட்டால் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் இருப்பதில் ஆதாரம் கூடியது இதுதான். 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த தாடை வலிக்கானது. அது அழுத்தமாகப் பரிந்துரைப்பவை தாடைப் பயிற்சிகள், தசையைக் கையால் பிடித்து நீவும் சிகிச்சை, கழுத்தையும் தோளையும் நிமிர்த்தும் பயிற்சி, வலியோடு வாழும் மனதுக்கான ஆலோசனை, நோயைப் பற்றிய தெளிவான விளக்கம் ஆகியவை. நம் ஆட்கள் ஆலோசனை என்றதும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்பார்கள். பல்லை இறுக்குவது மனம் இறுகும்போது நடப்பதால்தான் அது பட்டியலில் இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன? மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரு நாளில் தொட வேண்டிய நேரம், மெல்வதும் விழுங்குவதும் சேர்த்து, இருபது நிமிடத்துக்குள்தான். மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருக்கலாம், பல் தொடக்கூடாது. இதைத் தசைப் பயிற்சி தரும் பிசியோ எனக்கு ஆங்கில எழுத்து ஒன்றை உச்சரிக்கச் சொல்லி விளக்கினார். தமிழில் இன்னும் சுலபம். 'ன்' என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் மேல் அண்ணத்தில் நிற்கும், பல் இரண்டும் விலகியிருக்கும். அதுதான் தாடையின் ஓய்வு நிலை. கணினித் திரையின் மூலையில் 'ன்' என்று எழுதிய மஞ்சள் சீட்டு ஒன்றை ஒட்டினேன். முதல் நாள் அதைப் பார்த்த நாற்பது தடவையில் முப்பது தடவையாவது பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஸ்ப்ளிண்ட் இரவுக்கு. என் வியாதியோ பகலிலும் இருந்தது.

இதோடு காலையும் மாலையும் வெந்நீரில் பிழிந்த துண்டைக் கன்னத்தில் பதினைந்து நிமிடம் வைப்பது, கொட்டாவி வரும்போது மோவாய்க்குக் கீழே முஷ்டியை முட்டுக் கொடுப்பது, ஆப்பிளைக் கடிக்காமல் நறுக்கித் தின்பது. மற்ற நாட்டு அறிவுரைகளில் சூயிங் கம் மெல்லாதீர்கள் என்று முதல் வரியிலேயே இருக்கும். நமக்கு 1992லேயே அரசாங்கம் சூயிங் கம்முக்குத் தடை போட்டு அந்த வேலையை முடித்துவிட்டது. 2004க்குப் பிறகு மருத்துவ குணமுள்ள கம் மட்டும் மருந்தாளரிடமும் பல் மருத்துவரிடமும் கிடைக்கிறது. தாடை நோகும்போது அதுவும் வேண்டாம். நம் ஊர் ஆபத்து வேறு: ஐஸ் போட்ட கோப்பி பெங் தீர்ந்த பிறகு கோப்பையில் மிஞ்சும் ஐஸ் கட்டி. அதை நறுக் நறுக்கென்று கடிக்கும் பழக்கம் எனக்கு இருபது வருடமாக இருந்தது.

இதில் திரும்பி வருவதற்கே ஒன்றும் இல்லை. குறை ஒன்றுதான்: பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாகும், யாரும் கையில் ஒரு பொருளைத் தர மாட்டார்கள். காசு கொடுத்துப் பொருள் வாங்காவிட்டால் வைத்தியம் நடந்ததாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

அடுத்து ஸ்ப்ளிண்ட். மேல்பற்கள் முழுவதையும் மூடும் கெட்டியான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். 2023 வழிகாட்டுதல் நீடித்த வலிக்கு இதைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. இதனால் வலி குறையும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை என்கிறது. நிறைய நல்ல மருத்துவர்கள் இன்னும் தருகிறார்கள், நானும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பல்லை நறநறக்கிறவருக்கு அது பல் தேயாமல் காக்கும் கவசம். வலிக்கும் கேட்டால் லாபம். ஆனால் எந்த ஸ்ப்ளிண்ட் என்பதில் கவனம் வேண்டும். முன்பற்களை மட்டும் மூடுவதைப் பல மாதம் போட்டால், மூடாத கடைவாய்ப் பற்கள் மெல்ல எழும்பிக் கடிப்பே மாறிவிடலாம். மருந்துக் கடையில் வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் மெத்தென்ற வகை, சிலருக்குப் பல்லை இன்னும் அதிகமாகக் கடிக்கத் தூண்டும். கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்து நிரந்தரமாக வேறு இடத்தில் உட்கார வைக்கும் வகையை அதே வழிகாட்டுதல் கூடவே கூடாது என்கிறது. ஆகவே 'ஸ்ப்ளிண்ட்' என்று எழுதித் தந்தால் கேட்க வேண்டியவை: எல்லாப் பல்லையும் மூடுமா, தாடையை நகர்த்துமா, எத்தனை மாதத்தில் நிறுத்துவோம்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன். அப்புறம், பலமாகக் குறட்டை விடுபவர் அதையும் சொல்லிவிட வேண்டும். தூக்கத்தில் மூச்சுத்தடை இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

போட்டாக்ஸ் பற்றிச் சுருக்கமாக. கன்னத் தசையைப் பலவீனமாக்கும், மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துபோகும், மறுபடி போட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டால் தாடை எலும்பு மெலியுமோ என்ற கவலை ஆய்வாளர்களிடம் இருக்கிறது. தாடை வலிக்கு வழிகாட்டுதலின் ஆதரவும் இல்லை. முகம் ஒல்லியாக வேண்டும் என்று போடுகிறவர் அந்தக் காரணத்துக்காகப் போட்டுக்கொள்ளட்டும், அது வேறு கணக்கு.

இனி பிரேசஸும் பல் ராவுதலும். 2003இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, பல்லை ராவிக் கடிப்பைச் சமன் செய்வது தாடை நோயைத் தீர்க்கும் அல்லது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. ராவிய எனாமல் வளராது. பிரேசஸ் அவ்வளவு கொடூரமில்லை, ஆனாலும் இரண்டு வருடம் கழித்துப் பல் நேரானபின் "வலி போகவில்லை" என்றால் என்ன செய்வது? வலியோடு இருக்கும் தாடையில் அந்த இரண்டு வருடம் வாய் திறந்து உட்காருவதே ஒரு சோதனை. என் தீர்ப்பு இது: நெருக்கமான பல்லைத் துலக்க முடியவில்லை, சிரிக்கக் கூச்சமாக இருக்கிறது, முன்பல்லால் கடிக்க வரவில்லை என்றால் தாராளமாகப் பிரேசஸ் போடலாம், அவை நல்ல காரணங்கள். வலியை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். போடுவதானாலும் வலி அடங்கி, கடிப்பு சில மாதம் மாறாமல் நின்ற பிறகு தொடங்குங்கள்.

கடைசியில் மூட்டுக்குள் போகும் வைத்தியங்கள். வாய் திடீரென்று பூட்டிக்கொண்டவருக்கு இரண்டு ஊசிகளை மூட்டில் செலுத்தி உப்புநீரால் கழுவும் முறை சில நேரம் நன்றாகவே உதவுகிறது. சாதாரணத் தசை வலிக்கு அது வேண்டாம். தட்டை வெட்டி எடுக்கும் அறுவைக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 1980களின் அமெரிக்கக் கதை போதும். தட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் துண்டுகளைப் பலருக்கு வைத்தார்கள். அவை மெல்லும் பாரத்தில் துகள் துகளாக உடைந்து சுற்றியிருந்த எலும்பையே அரித்தன. 1990இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது, தயாரித்த நிறுவனம் திவாலானது. வலிக்கு வைத்தியம் தேடி வந்தவர்கள் கடைசியில் எலும்பை இழந்தார்கள்.

சிங்கப்பூரில் எந்த வாசல்

நான் செய்த தப்பு, நேராகத் தனியார் இடத்துக்குப் போனது. பலதுறை மருந்தகத்தின் பல் பிரிவிலிருந்தோ சாஸ் (CHAS) என்ற அரசு மானியத் திட்டத்தில் உள்ள பல் மருத்துவரிடமிருந்தோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, ஊட்ரமில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கோ கென்ட் ரிட்ஜில் உள்ள பல்கலைக்கழக வாய்நல நிலையத்துக்கோ போனால் மானியக் கட்டணம். நேராகப் போனால் தனியார் நோயாளி கணக்கு. கடிதத்தோடு போனால் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருக்கும் வாரங்களில் 'ன்' பயிற்சியும் வெந்நீர்த் துண்டும் செய்தால், பலர் முறை வரும்போது பாதி குணமாகியிருப்பார்கள்.

மெடிசேவ், அதாவது மருத்துவச் செலவுக்கான சேமிப்பு, அதன் கணக்கு வேடிக்கையானது. பல் சிகிச்சையில் அது பெரும்பாலும் அறுவை சம்பந்தப்பட்டதற்குத்தான் பயன்படும். பிரேசஸுக்கு இல்லை, ஸ்ப்ளிண்டுக்கும் இல்லை. ஆக அறுவை இல்லாத வைத்தியத்துக்குக் கைக்காசு, ஆதாரம் குறைந்த அறுவைக்குச் சேமிப்புக் கணக்கு. "மெடிசேவில் போட்டுக்கலாம் சார்" என்பதை மட்டும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொறுத்துப் பார்க்கலாம் என்று நான் சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது. வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை, கடிப்பு திடீரென்று மாறிவிட்டது, வீக்கமோ காய்ச்சலோ மரத்துப்போவதோ இருக்கிறது என்றால் அந்த வாரமே பார்க்க வேண்டும். ஐம்பது வயது தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலி வந்து, மெல்லும்போது தாடை சோர்ந்து, பார்வையும் மங்கினால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், கண்ணைப் பறித்துவிடும், அன்றைக்கே மருத்துவமனை. படியேறும்போது மட்டும் தாடை வலித்து, நின்றால் அடங்கினால் பல் மருத்துவர் வேண்டாம், இதய மருத்துவர் வேண்டும். நெஞ்சும் சேர்ந்து அடைத்தால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995.

நான் கடைசியில் எடுத்தது: பிசியோ நான்கு தடவை, ஸ்ப்ளிண்ட் ஒன்று. ஸ்ப்ளிண்ட் வலிக்காக இல்லை, மனைவி சொன்ன எலிக்காக. முதல் மாதம் வாய் 31 மில்லிமீட்டர் திறந்தது, மூன்றாம் மாதம் 43. வீட்டில் அளவுகோல் எடுக்க வேண்டியதில்லை, நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாயில் வைத்துப் பார்த்தால் போதும். எங்கள் புளோக்கின் மின்தூக்கிக் கண்ணாடியில் யாரும் இல்லாத நேரம் இதைச் செய்வேன். ஒரு நாள் ஒன்பதாம் மாடியில் கதவு திறந்து, பக்கத்து வீட்டு அங்கிள் நான் மூன்று விரலோடு நிற்பதைப் பார்த்துவிட்டு அடுத்த லிஃப்டில் வருகிறேன் என்று சைகை காட்டினார்.

ஸ்ப்ளிண்டின் வலது பக்கத்தில் இப்போது நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. கணக்கு முடிக்கும் மாதங்களில் அது ஆழமாகிறது. கீழ்ப்பற்கள் பழையபடி நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. 'டொக்' இன்னும் இருக்கிறது. பிரேசஸ் சீட்டைத் தூக்கிப்போடவில்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது, மேல்பல் துருத்துகிறது, அவளுக்குப் போடலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அவளுக்குத் தாடை வலி எதுவும் இல்லை.